பிரபு வீட்டுப் புதினம்

என் ஒரே மகள் எடின்பரோவில் படிக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபுவைப் பற்றி ஆராய்ச்சியாம். நான் பிரெஞ்சு நாட்டில், சார்செலில் தனியே இருந்துகொண்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். என் முழங்கால் நோவை ஒரு வார்த்தையில் விசாரித்துவிட்டு நேரே பிரபு வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த மனிதர் லண்டனில் பாராளுமன்றம், விருந்து என்று கிடக்க, மனைவி வடக்கே குளிரடிக்கும் மாளிகையில் பிள்ளைகளை வளர்த்தாளாம். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசியது, கடைக்குட்டி இருமியது எல்லாம் இவளுக்குத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பிரபுவைப் பற்றிக் கேட்டால்தான் அவள் போனை வைக்கமாட்டாள். அதனால் துருவித் துருவிக் கேட்பேன்.

ஒருநாள் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மகளைப் பற்றி விசாரித்தார்.

"அவளுக்கு இப்ப அங்கை ஒரு பிரபுவின்ரை குடும்பந்தான் எல்லாம்" என்று அலுத்துக்கொண்டேன்.

அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "சொல்லவேயில்லை! பெடியன் எந்த ஊர்? ஆரின்ரை பிள்ளை?"

"செத்து இருநூறு வருசத்துக்கு மேல, அக்கா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ரயிலில் திரும்பும்போதுதான் அழுகை வந்தது. உயிரோடு இருக்கிற மருமகன் என்றால் சண்டை பிடித்தாவது மகளைக் கூட்டி வரலாம். செத்தவரோடு எப்படி மல்லுக்கட்டுவது?

அடுத்த ஞாயிறு மகளின் குரல் கம்மியிருந்தது. ஆராய்ச்சியில் பிரபுவின் மனைவி இறந்த வருடத்துக்கு வந்துவிட்டாளாம். அந்தப் பெண் கணவருக்கு எத்தனையோ கடிதம் எழுதியும், ஒன்றில்கூட வீட்டுக்கு வாருங்கள் என்று கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் வந்திருப்பாரே என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலையாய் இருக்கிற ஆளை எப்பிடிக் கூப்பிடுறது? கூப்பிட்டுத்தான் வரவேணுமோ? அவையே யோசிச்சு வரவேணும்!"

 என்னோடு எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், தமிழில் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் இப்ப ஆரைச் சொல்லுறியள்?"



"வா பிள்ளை" என்றேன். "ஒருக்கா வந்திட்டுப் போ."