ஜெம் கிளிப் போட்ட மர்மக் கதைகள்

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எந்த மர்மக் கதைத் தொடர் சரியாக இருக்கும் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். (அங்கே எழுதினால் உடனே எதிர்க்கேள்வி வரும்.)

எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். என் மகள் கல்பனாவுக்கு அப்போது ஒன்பது வயது.

பக்கத்துத் தெருவில் ரோசி அக்கா தன் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்தினார். அங்கே சிறுவர்களுக்கான துப்பறியும் தொடர் ஒன்று இருந்தது. இருபத்துநான்கு பாகங்கள்.

கல்பனா அதுதான் வேண்டும் என்றாள்.

முதல் பாகத்தின் அட்டையில் ஒரு கத்தி. எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு வழி வகுத்தேன். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் நான் படிப்பேன். அலுவலகம் போகத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கோட்டை நிலையம் வருவதற்குள் அறுபது பக்கம் முடியும். (பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தேன். அடுத்த இருக்கைக்காரர் அதைத் துறைத் தேர்வுப் புத்தகம் என்று நினைத்து, பாஸாக வாழ்த்தினார். நன்றி சொன்னேன்.)

ரத்தம், பிணம், கடத்தல் வரும் பக்கங்களைச் சேர்த்து ஜெம் கிளிப் போடுவேன். கல்பனா அவற்றைப் பிரிக்காமல் தாண்டிப் படிக்க வேண்டும்.

மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏழாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ரோசி அக்கா தயங்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பசங்கல்லாம் நீங்க எடுத்துட்டுப் போன புக்கைத்தான் கேக்குதுங்க. கிளிப்பு போட்ட எடத்தை மட்டும் படிச்சுட்டு அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுதுங்க."

கிளிப்பைக் கழற்றிவிட்டுத்தானே தருகிறேன் என்றேன். பக்கத்தின் மேல் ஓரத்தில் பதிந்திருந்த தடத்தைக் காட்டினார்.

எட்டாம் பாகத்தையும் கிளிப் போட்டுக் கல்பனாவிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"வேணாம்பா. இனிமே எடுத்துட்டு வராதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"மொத கிளிப்புக்கு அப்புறம் யாரு வரலையோ, அவங்க செத்துட்டாங்க. கடைசி கிளிப்புக்கு முன்னாடி யாரு ரொம்ப நல்லவன் மாதிரி பேசறானோ, அவன்தான் கொலகாரன். எல்லா புக்லயும் அப்படித்தான். அப்புறம் எதுக்குப்பா படிக்கணும்?"

ஏழு பாகங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் கணக்கு தப்பவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் அவள் எதையும் படிக்கவில்லை. சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தைக் கீழே வைக்காதவள், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒரு குழந்தையின் படிப்பு ஆசையை ஒரு பெட்டி கிளிப்பால் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தேன். கதையில் வந்த பிணங்கள்கூட என்னை இவ்வளவு பயமுறுத்தவில்லை.

ஒன்பதாம் பாகத்தை எடுத்து வந்தேன். நான் ஒரு வரியும் படிக்கவில்லை. அவள் மேசையில் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். அன்று ஒரே கடிதத்தை மூன்று முறை தட்டச்சுக்குக் கொடுத்தேனாம்.

மாலையில் திரும்பியபோது முழுவதும் படித்து முடித்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு. பத்தாவது எப்பப்பா கிடைக்கும்?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி என்னதான் வருகிறது பார்ப்போம் என்று ஒன்பதாம் பாகத்தை எடுக்கப் போனேன். அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க படிக்காதீங்கப்பா. நாய் செத்துடுது. தாங்க மாட்டீங்க."

பிறகு எப்போது படிக்கலாம் என்று கேட்டேன். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நானே சொல்றேன்."

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

இப்போது எழுபத்தெட்டு. இன்னும் சொல்லவில்லை.