ஒரு பந்தயத்துக்கு இரண்டு வெள்ளி

சுதந்திரம் கிடைத்த புதிதில், காஜா பெராங்கில் ஒரு காப்பிக் கடையில் சனிக்கிழமைதோறும் அவரைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் வேலை அவருக்கு. ஒல்லியான உடம்பு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. வானொலியில் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் ஓடும். அதற்கென்று சம்பளத்தில் மாதம் இருபது வெள்ளி ஒதுக்குவார். ஒரு பந்தயத்துக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் கட்டமாட்டார். விட்டதைப் பிடிக்கக் கூட்டிக் கட்டி நான் பார்த்ததில்லை.

மனைவியை அடக்கம் செய்த மறுநாளும் வந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்த பணம் சட்டைப் பையில் தடிப்பாகத் தெரிந்தது. பந்தயம் எழுதுபவரிடம் இரண்டு வெள்ளியை நீட்டினார்.

"இன்னிக்குமாண்ணே?" என்றேன்.

"வீட்ல உக்கார முடியல தம்பி."

"பையில அவ்வளவு இருக்கு. ரெண்டு வெள்ளிதானா?"

"இன்னிக்கு ஒரு வெள்ளி கூட்டினேன்னா, எல்லாத்தையும் கட்டிட்டுத்தான் எழுந்திருப்பேன். பிள்ளைங்க இருக்காங்க லா."

அவர் கட்டிய குதிரை முதலில் வந்தது. கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குதிரைதாண்ணே ஜெயிச்சது."

"அப்படியா?" என்றார்.

பணத்தை வாங்கிக்கொள்ளாமலே எழுந்து போனார். நான்தான் வாங்கி, சாலையில் ஓடிப்போய் அவர் கையில் வைத்தேன். எதற்கு இந்தப் பணம் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.