சிவப்புப் பொட்டு வைத்த ஓணான்கள்

கடலோர மணல்மேட்டில் குப்புறப் படுத்துக் கிடக்க மாதச் சம்பளம் தருகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? "குடும்பத்துலயே முதல் பட்டதாரி, ஓணான் எண்ணுறான்" என்று அப்பா சொல்வதில் பாதி கேலி, பாதி பெருமை. ஆய்வு நிலையத்தில் அவனுக்குப் பெயரே ‘ஓணான் சார்’தான்.

உப்புக்காற்று வீசும் அந்த மேட்டில், புதர்களின் அடியில் மணல் ஓணான்கள் வாழ்ந்தன. ஒவ்வொன்றையும் நூல் சுருக்கில் பிடித்து, அளந்து, முதுகில் சாயப் பொட்டு வைத்து விட்டுவிடுவான். பிறகு தொலைநோக்கியில் பார்த்து, யார் எங்கே என்று நோட்டில் குறிப்பான்.

அந்த மாதம் நிலையத்தில் சாயம் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல், மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் போய்ப் பதினான்கு குட்டிகளுக்குப் பொட்டு வைத்தான்.

மூன்றாம் வாரம் பார்த்தால், பொட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை. பொட்டில்லாத குட்டிகள்தான் திரிந்தன. எங்கிருந்தோ புதிதாக வந்தவை என்று நினைத்தான். மூன்று நாள் தேடியதில் கண் பூத்ததுதான் மிச்சம். நகப்பூச்சு விஷமோ? பதினான்கு உயிரையும் கொன்றுவிட்டோமோ? அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்" என்றாள் மனைவி. "அதுவும் என் பாட்டிலைக் காலி பண்ணி! இன்னொரு தடவை பாத்துட்டு, உங்க நிலையத்து மேடம்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. நானும் வரேன்."

காலை வெயிலில் இருவரும் புதர் புதராகக் குனிந்து தேடினார்கள். ஒரு முள்ளில் வெங்காயச் சருகு போல ஏதோ ஆடியது. அவள் கிள்ளி எடுத்தாள்.

"என்னங்க, இது என் கலர்தானே?"

உரித்துப் போட்ட தோல். நடுவில், மினுக்குக் குறையாத சிவப்புப் பொட்டு!

தலையில் அடித்துக்கொண்டான். தோலுரித்தல் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் அவன். வளரும் குட்டி தோலை உரிக்காமல் வேறென்ன செய்யும்?

நோட்டைப் புரட்டினான். ஐந்தாம் எண்: வால் நுனி ஒடிந்தது. எதிர்க் கல்லின் மேல் வால் ஒடிந்த குட்டி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அவன் ‘புதுசு’ என்று தள்ளிவிட்ட அதே குட்டி.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. மணலில் குப்புற விழுந்து சிரித்தான்.

"மெதுவா சிரிங்க, அது ஓடிடப் போகுது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள் அவள்.