அப்பா பூசிய கறுப்பு மை

உறைந்த ரப்பர் பால், அந்தக் கட்டிப்பால் நாற்றம் எங்கள் மூக்குக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அப்பாவின் தலை மை நாற்றம் இருக்கிறதே, அடேயப்பா, அது கண்ணுக்குள் ஏறி எரியும். ஈப்போ பக்கத்துப் பத்து காஜா ஊர்ச் சீனர் கடையில் வாங்கிய அந்தக் குப்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவர் திறப்பார். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்ததே ஒரே அறை. அம்மா தன் முந்தானையால் என் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள், ஏனென்றால் கதவைத் திறந்தால் பக்கத்து வீடு பார்க்கும், பக்கத்து வீடு பார்த்தால் கங்காணி காதுக்குப் போய்விடும்.

அப்பாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, பாழாய்ப்போன நரை முந்திக்கொண்டது. ரப்பர் விலை விழுந்து, ஆள் குறைக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்த சமயம் அது. காலையில் ஆள் எண்ணும் "பெரட்டில்" வரிசையாய் நிற்பவர்களில் வயதானவர்களைப் பார்த்துக் கங்காணி பொறுக்குவார். எங்களிடம் பிறந்த சீட்டா இருந்தது? தலையைப் பார்த்துத்தான் வயது. பொறுக்கப்பட்டவர்களை நாகப்பட்டினத்துக்குக் "கப்பலேத்தி" விடுவார்கள். ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா போனால் அம்மாவும் நானும் இங்கேயேதான் பால் வெட்டிக் கிடக்க வேண்டும்.

சில வாரங்களிலேயே அவர் தலை அரிக்கத் தொடங்கியது. தேங்காய் நார்போல முறுகிய முடி சீப்போடு கொத்துக் கொத்தாய் வந்தது. காதோரம் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. "அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்களேன்" என்று அம்மா அழுவாள். "விட்டா வேர்ல வெள்ளை தெரியும்லா, அப்புறம் நானே தொலைஞ்சேன்" என்பார் அப்பா. பூசினால் புண், பூசாவிட்டால் கப்பல். தைப்பூசம் வந்தபோது அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள்: "முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன்னு மொட்டை போட்டுடுங்க. மொட்டையில யாரு நரையைத் தேடப்போறா?"

நல்ல யோசனைதான், போங்கள்! மொட்டை போட்ட மறுநாள் பெரட்டில் தலைச் சந்தனம் காய்ந்து உதிர, அடியில் இருந்த புண்ணெல்லாம் பல்லை இளித்தது. துரை பின்வாங்கினார். "என்னடா இது, குஷ்டமா?" என்று கங்காணி கத்தியதும் வரிசையே விலகிப்போனது. குஷ்டம் என்றால் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள், பெண்டாட்டி பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. அப்பா, "நோயில்லீங்க தொரை, மைங்க, நரைக்குப் பூசின மை" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பிறகென்ன, கங்காணி அவரை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தினார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப் பனைதான். லயமும் பெரட்டுக்களமும் போன இடம் தெரியவில்லை. போன மாதம் என் மருமகள் ஈப்போவில் சாயம் பூசிக்கொண்டு வந்து தலை அரிக்கிறது என்றாள். நிறுத்தடி என்றேன், நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அப்பா நினைப்பு வந்துவிட்டது. கப்பலேறும்போது அப்பா தலையில் இறுக்கித் துண்டு கட்டியிருந்தார், கடைசிவரை அவிழ்க்கவில்லை. அதன்பிறகு அவருக்கு முடி முளைத்ததா, முளைத்தது கறுப்பா வெளுப்பா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.