பழுது என்று எழுதிய பலகை

அவளுக்கு ‘ரிப்பேர்’ என்று பட்டப்பெயர் வைத்தது கொழுந்தன்தான். குக்கர் கைப்பிடி ஆடினால் ரிப்பேரைக் கூப்பிடு, மின்விசிறி முனகினால் ரிப்பேரைக் கூப்பிடு. பதினோரு வருடமாக அறிவியல் அருங்காட்சியகத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள் இருக்கும் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போகலாமா? போனால் அவள் தலைதான் உருளும்.

அருங்காட்சியகத்திலும் அதே பிழைப்புதான். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிய வேண்டும், கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் ஓட வேண்டும். அமுக்கு என்று எழுதி வைத்தால் பிள்ளைகள் குத்துவார்கள். பெரியவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய்த் தொங்கிப் பார்ப்பார்கள். அவள் திருகு முறுக்கியபடியே பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

வீட்டில் மூன்று அறை, ஐந்து பேர்: கணவன், மாமியார், கொழுந்தன், எட்டு வயது மகள், அவள். குளியலறைக்குள் நுழைந்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் கதவைத் தட்டிவிடுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் பெரிய சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டாவது மூச்சு விட்டிருப்பாள்.

போன வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். தொலைவில் இருக்கும் பள்ளிகளுக்கு அறிவியல் பேருந்து ஒன்று கிளம்புகிறது. ஆறு மாதப் பயணம், மாதம் நாலு நாள் வீடு. உள்ளே இருக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள சொல்லிடும்மா. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன்,” என்றார்.

போக வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை அவளையே பயமுறுத்தியது. வீட்டில் மூன்று தடவை வாயெடுத்தாள். அந்தக் குடும்பத்தில் பேச்சைத் தள்ளிப்போட ஒரு முறை உண்டு. வெளியே இருந்தால் “வீட்ல போய்ப் பேசிக்கலாம்”. வீட்டில் இருந்தால் “சாப்பிட்டுப் பேசலாம்”. சாப்பிட்டு முடித்தால் “காலையில பேசலாம்”. காலையில் அங்கே யாருக்கு நேரம் ஒழிந்தது? இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்து ஊழியர்கள் வீட்டாருக்கு இலவச அனுமதி. வருடத்தில் ஒரே நாள்தான். குடும்பமே திரண்டு கிளம்பியது. அவளுக்கு விடுமுறைதான், ஆனாலும் கைப்பைக்குள் திருகு முறுக்கும் திருப்புளி இருந்தது. அது இல்லாமல் வெளியே போகவே அவளுக்குத் தெரியாது.

உள்ளே வந்த பத்தாவது நிமிடம் மின்சாரம் உண்டாக்கும் சக்கரத்தைக் கொழுந்தன் பின்பக்கமாகச் சுற்றி, இறுகிப்போக வைத்தான்.

“ரிப்பேர், இங்க வா!”

கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் நல்ல புடவையோடு தரையில் மண்டியிட்டாள். கணவன் பக்கத்தில் நின்றவரிடம் பெருமை பொங்கச் சொன்னான், “எம்பொண்டாட்டி இல்லன்னா இந்த இடமே நின்னுபோயிரும்.” அவன் பாசமாகத்தான் சொன்னான். அவள் திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள்.

மணி மூன்று இருபது. ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டால் வாய் பழகிவிடும் என்று நினைத்தாள். எங்கே போய்ச் சொல்வது? கூட்டத்துக்கு நடுவே தனியாக முணுமுணுத்தால் பைத்தியம் என்பார்கள்.

அங்கே கிசுகிசுத் தட்டு இருந்தது. கூடத்தின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குக் குழிந்த தட்டு, அதைப் பார்த்தபடி ஒரு முக்காலி. இந்த முனையில் தட்டைப் பார்த்து மெல்லப் பேசினால், அத்தனை சத்தத்தையும் தாண்டி அந்த முனையில் கேட்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்து எதை முணுமுணுத்தாலும் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். எதிர்முனையில் மட்டும் ஆள் இருக்கக் கூடாது. அதற்கு அவளுக்கு வழி தெரியாதா? கருவி அறைக்குப் போய் ‘பழுது’ என்று எழுதிய பலகையை எடுத்துவந்து அந்தப் பக்கத் தட்டில் மாட்டினாள். முக்காலியில் இருந்த சிறுவர்கள் எழுந்து ஓடினார்கள். அப்புறம் கூட்டத்தில் புகுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். முன்னால் தட்டு, முதுகுக்குப் பின்னால் ஊர்.

“நான் அந்த பஸ்ல போகணும்,” என்று ஆரம்பித்தாள். “ஆறு மாசம். நாலு மணிக்குள்ள சொல்லணும். உங்க யார் மேலயும் கோபமில்ல. ஆனா வீட்ல எனக்கு மூச்சு முட்டுது. சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டாலே அத்தை வாசலுக்கு வந்துடுறாங்க. என்னைப் பாக்க இல்ல, என்னென்ன உடைஞ்சிருக்குன்னு சொல்ல. குழந்தையை விட்டுப் போக மனசு கேக்கல. இருந்தாலும் போகணும்.”

சொல்லி முடித்ததும் உடம்பே லேசான மாதிரி இருந்தது. அப்போது தட்டிலிருந்து யாரோ செருமினார்கள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா.”

மாமியாரின் குரல், காதுக்குள்ளேயே.

“கால் வலின்னு உக்காந்தேன். பலகை மாட்டியிருந்ததால இங்கதான் கூட்டம் இல்ல. பழுதுன்னு போட்டிருக்கே, எப்படிக் கேக்கும்? நீயும் எதையும் மனசுல வச்சுக்காத.”

கோபமான குரலாக இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். இது பெருந்தன்மை. ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போகலாம், வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம், நாளைக்கு மின்விசிறிக்கு எண்ணெய் விடலாம். மாமியார் சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டமாட்டாள். தான் மாட்டிய பலகையை வைத்தே மாமியார் தன் வாயைப் பூட்டிவிட்டாள் என்று அவளுக்குப் பட்டது. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எழுந்து கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்தாள். கணவனும் கொழுந்தனும் மகளும் தண்ணீர் பாட்டிலோடு மாமியாரைச் சுற்றி நின்றார்கள். மாமியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் பலகையைக் கழற்றினாள்.

“இது கெட்டுப்போகல அத்தை. நான்தான் மாட்டினேன். நீங்க கேட்டது எல்லாம் நான் சொன்னதுதான்.”

பிறகு கணவனைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மூச்சு முட்டுவதையும் சொன்னாள், செருப்புச் சத்தத்தையும் சொன்னாள்.

“அப்போ வீட்ல ரிப்பேர் யாரு பாக்குறது?” என்றான் கொழுந்தன். நிஜமாகவே சந்தேகம் கேட்டான்.

“மாசா மாசம் வருவியாம்மா?” என்றாள் மகள்.

“வருவேன். நாலு நாள் உன்கூடவே இருப்பேன்.”

கணவன் சுற்றும் முற்றும் பார்த்தான். நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினான். “சரி சரி. வீட்ல போய்ப் பேசிக்கலாம்.”

கூடத்துக் கடிகாரத்தில் நாலு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து திருப்புளியை எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

“பேசியாச்சுங்க,” என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் படியேறினாள்.