முதல் சிரிப்பு

மேனேஜர் சொல்லும் ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்தவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. டிவி நகைச்சுவைப் போட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரித்து வைப்பதுதான் என் வேலை. நான் தொடங்கினால் மண்டபமே தொடரும்.

பாகான் செராய் அக்கா

எங்கள் போட்டியில் சொதப்பினால் நடுவர் மணி அடிப்பார், ஆள் அத்தோடு வெளியே. ஆனால் ஒளிபரப்பும்போது நன்றாகச் செய்தவர்களை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடுவார்கள். மணி வாங்கியவர்களைக் கட்டாயம் காட்டுவார்கள். அதில்தானே சிரிப்பு. ஈப்போ பதிவுக்கு பாகான் செராயிலிருந்து வந்த ஓர் அக்கா சேவல் மாதிரிக் கூவ ஆரம்பித்ததுமே மணி. ஆறுதல் சொல்லப் போனேன். அவர் பொட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “மணி அடிச்சா அடிக்கட்டும் தம்பி, கண்டிப்பா டிவில வருவேன்லா?”

மணி கேட்டவர்

அதைக் கேட்டபடி பக்கத்தில் நின்றவர் செபஸ்தியான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டித் தாமான் ஆக்கியபின் அதே இடத்தில் காவல் காக்கும் ஜாகா வேலை. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கர் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நடித்துக் காட்டுவார். ஒத்திகையில் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. இந்த வேலையில் அது அபூர்வம்.

என்னைத் தனியே அழைத்தார். மகன் மோட்டார் விபத்தில் போனதிலிருந்து அவர் மனைவி மேரி வாயே திறக்கவில்லை. இப்போது தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். வார்டில் எல்லோரும் எங்கள் நிகழ்ச்சியைத்தான் பார்ப்பார்களாம். வீட்டில் இந்த நடிப்பைச் செய்தால் மேரி விழுந்து விழுந்து சிரிப்பாராம். “நல்லாச் செஞ்சா வெட்டிருவாங்க போலருக்கு. நான் கெடுத்தே செய்றேண்ணே, அவ என்னயப் பாக்கணும்.”

கச்சாங் பூத்தே பொட்டலம்

சொன்னபடியே செய்தார். பெயர்களை மறந்தார், கிராணித் தொப்பியை நழுவவிட்டார். மணி அடித்தது. நான் சிரித்தேன், மண்டபம் அதிர்ந்தது. மேடையில் அவரும் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அது ஒளிபரப்பானபின், அடுத்த பதிவுக்கு புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு என்னைத் தேடி வந்தார். மேரி சிரித்தாரா என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“சிரிக்கலண்ணே, பேசிட்டா. வார்டு நர்ஸ் போன் பண்ணிச் சொன்னாங்க. எந்திரிச்சி நின்னு, ‘எங்க வீட்டுக்காரரு இத நல்லாச் செய்வாரு, அங்க மொதல்ல சிரிச்சது யாரு’ன்னு கோவமாக் கேட்டாளாம்.”

முதலில் சிரிக்கத்தான் எனக்குச் சம்பளம் என்பதை அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?