தாங்குதல் என்று ஒரு பொருள்

அரூரில் ஒரு பள்ளியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மாவட்டமான தர்மபுரியின் பெயரில் உள்ள 'தர்மம்', 'த்ரு' என்ற வினைவேரிலிருந்து வந்தது. பிடித்திருத்தல், தாங்குதல் என்று அதற்குப் பொருள். வருடாவருடம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வந்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் சித்தேரி மலைப்பாதையில் மண் சரிந்து, நான் போன பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தோம். எனக்கு முன்னால் போன ஒரு பெண் வழுக்கி, பள்ளத்தின் விளிம்பில் தொங்கினார். நான் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்தேன்.

"உட்றாதீங்க சார்," என்றார்.

ஈர மண்ணில் என் உடம்பு மெல்ல முன்னால் நகர்ந்தது. பின்னால் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஆனால் என் தலை விளிம்பைத் தாண்டியதும் பிடியை விட்டுவிட்டேன். கை வழுக்கவில்லை. நானாகத்தான் விட்டேன்.

கீழே புதரில் சிக்கியதால் கால் முறிவோடு பிழைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் கணவர் என்னைக் கும்பிட்டார்.

"கை வழுக்கலன்னா சார் தூக்கியிருப்பாருன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றார்.

அவர் டீ வாங்கப் போனதும், "கை வழுக்கலம்மா. நான்தான் விட்டேன்," என்றேன்.

"தெரியுங்க சார். நீங்க வெரலப் பிரிச்சது தெரிஞ்சுது," என்றார் அந்தப் பெண். "வூட்டுக்காரருகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

கணவர் டீயோடு வந்தார். வாங்கிக் குடித்தேன். ஒருவரைக் கையால் மட்டும் தாங்குவதில்லை என்று, கணவரிடம் சொல்லாமல் என்னைத் தாங்கிய அந்தப் பெண்ணிடமிருந்துதான் அன்று தெரிந்துகொண்டேன்.